தெரியாது என்று எழுதிக் கொடுத்தவருக்கு

அனைவருக்கும் வணக்கம்.

மூடிப்போன எங்கள் நிலக்கரிச் சுரங்கத்து ஊரில் சூரியத் தகடுகளும் ஒரு பட்டறையும் கூட்டுறவாக அமைக்க உங்களிடம் பணம் கேட்டிருந்தோம். நேற்று நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இலக்கைத் தொட்டுவிட்டோம். தொட்ட பிறகும் திரையை மூட மனம் வரவில்லை. எண் திரும்பக் கீழே இறங்கிவிடுமோ என்று ஒரு பைத்தியக்கார பயம். குறித்த நாளுக்குள் முழுத்தொகையும் சேராவிட்டால் கொடுத்தவர்களுக்கே எல்லாம் திரும்பிப் போய்விடும் என்ற விதியை நாங்களாகத்தான் தேர்ந்தெடுத்தோம். ஒரு காசு குறைந்திருந்தாலும் இன்று இந்த மடல் இல்லை. இப்போது விடிந்துகொண்டிருக்கிறது. தூங்கவில்லை, கை கொஞ்சம் நடுங்குகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கம் மூடியதையும் அதற்குப் பிறகு வந்த நாட்களையும் மறுபடி சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தீர்கள்.

நான் விளக்கறையில் இருந்தவன், 26 ஆண்டுகள். கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலைவிளக்கை வாங்கிப் போவார். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொள்வார். ஷிஃப்ட் முடிந்த பிறகும் பலகையில் ஒரு வில்லை தொங்கினால், கீழே ஒருவர் இருக்கிறார் என்று பொருள். எண்ணுவதுதான் என் வேலை, வேறொன்றும் பெரிதாகத் தெரியாது. அந்தப் பழக்கத்தில் கடந்த ஆறு வாரமும் உங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. பெயர் போட விரும்பாதவர்களையும் சேர்த்துத்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். எங்கள் கரடுமுரடான வேண்டுகோளை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுத்த ஆசிரியை; 'ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு, எவ்வளவு போட்டிருந்தாலும்' என்ற ஒரே வரியைக் கூட்டுறவு விதிகளுக்குள் அசைக்க முடியாதபடி எழுதி வைத்த வழக்கறிஞர்; கணக்கைச் சரிபார்த்துவிட்டுக் கூலி வேண்டாம் என்ற அக்கா; தாத்தாக்களைக் கெஞ்சிக் கூத்தாடிக் கேமரா முன்னால் உட்கார வைத்த பிள்ளைகள்; பணம் கொடுக்க முடியவில்லையே என்று பத்துப் பேருக்குப் பகிர்ந்தவர்கள். நெதர்லாந்தில் ஹேர்லென் என்ற பழைய சுரங்க நகரத்தில், மூடிப்போன சுரங்கங்களில் தேங்கிய வெதுவெதுப்பான நீரைக் கொண்டு 2008 முதல் கட்டடங்களுக்குச் சூடேற்றுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் பம்பு ஓட்டுநரிடம் படித்துக் காட்டினேன். "அப்போ இத்தனை வருஷம் நான் சூட்டையா இறைச்சு வெளியே கொட்டினேன்?" என்றார். அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை. தண்ணீரில் அவ்வளவு சூடு இருக்கிற அளவுக்கு எங்கள் சுரங்கம் ஆழமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் 'சிறு துளி பெருவெள்ளம்' என்று எழுதியிருந்தீர்கள். மனதாரச் சொன்னது புரிகிறது. ஆனால் சுரங்கத்துக்காரனிடம் வெள்ளம் என்று சொன்னால் முதலில் அவன் எழுந்து ஓடுவான்!

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்.

பணம் சேரத் தொடங்கிய மூன்றாவது வாரம், பட்டியலில் இருந்ததிலேயே சின்னத் தொகை ஒன்று வந்தது. இதைவிடக் குறைவாகப் போட முடியாது என்று அந்தத் தளம் வைத்திருக்கிற தொகை. கூடவே ஒரே ஒரு வரி: "நீங்கள் பட்டறை கட்டப்போகும் இடத்துக்குக் கீழே தூண் இல்லை."

சுரங்கம் தெரியாதவர்களுக்காக இதை விளக்க வேண்டும். எங்கள் சுரங்கத்தில் முதலில் தெருக்கள் போல வழிகளை வெட்டிக்கொண்டு போவார்கள். நடுவில் சதுரம் சதுரமாக நிலக்கரித் தூண்களை விட்டுவிடுவார்கள். மேலே இருக்கிற பாறையை அவைதான் தாங்கும். ஒரு பகுதியில் வேலை முடிகிற கட்டத்தில், பின்வாங்கிக்கொண்டே அந்தத் தூண்களையும் எடுப்பார்கள். எடுத்த இடத்தில் கூரை விழும். விழட்டும் என்றுதான் விடுவார்கள். அந்த அசைவு பாறை பாறையாக மேலே ஏறித் தரைக்கு வந்து சேரும். சில இடத்தில் உடனே, சில இடத்தில் எல்லோரும் மறந்த பிறகு. ஒருநாள் கதவு சாத்த மறுக்கும், சுவரில் விரல் நுழையும்.

எழுதியவர் எங்கள் சுரங்கத்தின் பழைய சர்வேயர். ஓய்வு பெற்று வெகு காலமாகிறது. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. வேலைநிறுத்தத்தின்போது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. எனக்கும்தான். அதனால் அந்த வரியைப் படித்தவுடன் எனக்கு வந்தது நன்றி இல்லை, கோபம். கொடுத்தது இவ்வளவு, குத்திக்காட்டுவது அவ்வளவு என்று நினைத்தேன். இதை அவரும் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இருந்தாலும் போனேன். வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிடுவார் என்று நினைத்துப் போனவனை உள்ளே கூப்பிட்டார். மேசை முழுக்கப் பெரிய வரைதாள் விரிந்து கிடந்தது. தன் பழைய குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு சுரங்கத்தைக் கையாலேயே மறுபடி வரைந்திருந்தார். மூன்று இரவு ஆனதாம். கண் சரியாகத் தெரிவதில்லை, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு. தூண் எடுத்த பகுதியெல்லாம் சிவப்பு. தூண் நிற்கிற பகுதி பச்சை. கூண்டு இறங்குகிற குழியைச் சுற்றி மட்டும் பெரிதாக ஒரு பச்சை வட்டம். குழி அசைந்தால் எல்லாமே போச்சு என்பதால் அதைச் சுற்றி நிலக்கரியைத் தொடவே மாட்டார்கள். பள்ளிப்படிப்பு முடித்த பையனுக்குக்கூட அது ஊரில் தெரியும். எங்கள் திட்டக் குழுவில் இருந்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். தட்டையான நிலம், சாலைக்குப் பக்கம் என்று பார்த்து, சிவப்பின் நட்டநடுவில் பட்டறையை வைத்திருந்தோம்.

வடகிழக்கு மூலை ஒன்று எந்த நிறமும் இல்லாமல் வெறுமையாக இருந்தது. அதில் பென்சிலால் எழுதியிருந்தார்: "தெரியாது. நான் போன பிறகு வெட்டியது. இங்கே எதையும் நம்பாதீர்கள்."

அந்தப் பென்சில் எழுத்தைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பச்சை என்று ஊகித்துத் தீட்டியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. எங்களைப் போன்ற ஊர்களுக்கு உறுதிமொழிகள் குறைவில்லாமல் வந்திருக்கின்றன. மறுவாழ்வு என்று எத்தனை பேர் எத்தனை வண்ணத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 'இந்த மூலை எனக்குத் தெரியாது' என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

குழுவில் அன்றிரவு பெரிய சண்டை. முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, பணம் வந்து சேரட்டும், பிறகு சத்தமில்லாமல் இடத்தை மாற்றிக்கொள்வோம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு மணி நேரம் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். எழுந்து நின்று குவிகிரீக் சுரங்க விபத்தை நினைவுபடுத்தியது பம்பு ஓட்டுநர். 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது அது. பக்கத்தில் கைவிடப்பட்டுத் தண்ணீர் நிறைந்து கிடந்த பழைய சுரங்கம் எதுவரை வெட்டப்பட்டிருந்தது என்று காட்டுகிற சரியான வரைபடம் அவர்கள் கையில் இல்லை. கையில் இருந்த தப்பான வரைபடத்தை நம்பி வெட்டிக்கொண்டே போனார்கள், சுவர் உடைந்தது. ஒன்பது பேர் மூன்று நாளுக்கு மேல் தண்ணீருக்கு நடுவே அடைபட்டுக் கிடந்து, மேலிருந்து துளை போட்டு உயிரோடு மீட்கப்பட்டார்கள். "அவங்களுக்கு இப்படி ஒரு தாள் கிடைச்சிருந்தா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

மறுநாள் வரைபடத்தைப் படமெடுத்துப் போட்டு, நாங்கள் தப்பாக இடம் பார்த்துவிட்டோம், பட்டறையும் சூரியத் தகடுகளும் குழியைச் சுற்றிய பச்சைக்குள் வருகின்றன, இடம் சின்னது என்பதால் தகடுகள் குறையும் என்று உங்கள் எல்லோருக்கும் எழுதினோம். சிலர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வருத்தமில்லை, அது அவர்கள் உரிமை. ஐந்து நாள் எண் அசையவே இல்லை. ஆறாவது நாளிலிருந்து நடந்ததற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. ஏற்கெனவே கொடுத்தவர்களே மறுபடி வந்தீர்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "இப்போதுதான் நம்புகிறேன்."

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சூரியத் தகடுகள் சுரங்கம் கொடுத்த அளவு வேலை கொடுக்கப் போவதில்லை. நட்டு முடித்துவிட்டால், துடைக்கவும் பார்த்துக்கொள்ளவும் ஒரு சிலர் போதும். அது சம்பாதிக்கும், வேலை கொடுக்காது. அந்தச் சம்பாத்தியம் வெளியே போகாமல் பட்டறைக்குள் வரவேண்டும் என்பதுதான் திட்டமே. எங்களிடம் ஃபிட்டர்கள் இருக்கிறார்கள், வெல்டர்கள் இருக்கிறார்கள், இருட்டில் ஒரு கையால் மோட்டாரைப் பிரித்து மாட்டுகிற எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைத்தொழிலை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கவும், தனியாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குச் சிறு கடன் தரவும்தான் அந்த வருமானம். எல்லோருக்கும் போதாது. போதும் என்று உங்களிடம் நாங்கள் சொன்னதும் இல்லை.

ஊரிலேயே ஒரு பெரியவர் முதல் நாளிலிருந்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார், இப்படி ஊர் உலகத்திடம் கையேந்தலாமா என்று. அவர் கேட்டது எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் வேல்ஸில் டவர் நிலக்கரிச் சுரங்கத்தை 1994-இல் மூடியபோது, 239 தொழிலாளர்கள் பணிநீக்கத்துக்குக் கிடைத்த இழப்பீட்டிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு, அதை வாங்கி 1995 ஜனவரியில் திறந்தார்கள். நிலக்கரி தீரும்வரை, 2008 வரை, தாங்களே முதலாளிகளாக ஓட்டினார்கள். அது கையேந்துவதா? அவர்களுக்குப் போட ஏதோ இருந்தது, போட்டார்கள். எங்களிடம் மிச்சம் குறைவு, உங்களையும் சேர்த்துக்கொண்டோம். பெரியவர் இன்னும் சமாதானமாகவில்லை. நேற்றிரவு மட்டும் பதினொன்றரைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் எங்களோடு உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். விளக்கறைப் பலகை இன்னும் அங்கேயே இருக்கிறது, ஆணிகளோடு. கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண், ஒரு வில்லை. மாதம் ஒருமுறை வரவு செலவை அதே பலகையின் பக்கத்தில் ஒட்டுவோம், உங்களுக்கும் அனுப்புவோம். நட்டம் வந்தால் நட்டத்தை எழுதுவோம். தெரியாதது இருந்தால் பென்சிலால் 'தெரியாது' என்று எழுதுவோம். நான் இருக்கும்வரை எண்ணுவது என் பொறுப்பு.

ஐயா, உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. வரைபடத்தைச் சட்டம் போட்டு விளக்கறையில், உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற சுவரில் மாட்டிவிட்டோம். இரண்டு மூன்று பேர் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் உங்கள் வீடு எங்கே என்று கேட்டார், வழி சொன்னேன். வருகிற திங்கள் காலை அந்த வடகிழக்கு மூலையில் துளை போட்டுப் பார்க்க ஆள் வருகிறார்கள். எட்டு மணிக்கு வண்டி அனுப்புகிறேன், மறுக்காமல் வாருங்கள். பச்சையும் சிவப்பும் இரண்டு பென்சிலையும் எடுத்து வாருங்கள்.