கொரனேஷன் ஸ்ட்ரீட் பார்த்த அம்மா எழுதுவது

ஈஸ்ட் ஹாம், லண்டன்
நவம்பர் 2025

அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு நீ கதைத்துவிட்டு வைத்ததும், "என்ன, பெடியனுக்கு வேலையில் ஏதும் பிரச்சினையோ?" என்று அப்பா கேட்டார். உன்னுடைய குரல் அப்படி இருந்தது. அவன் சின்னனில் இருந்து பார்க்கிற பிபிசியின் டொக்டர் ஹூ என்ற விண்வெளித் தொடரில் பங்காளியாக இருந்த டிஸ்னி அதைக் கைவிட்டுவிட்டதாம், அதுதான் கவலை என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டார். சிரிப்பை அடக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆட்கள் பார்க்கிறதில்லை அம்மா, நம்பரைப் பாருங்கோ" என்று நாலு தரம் சொன்னாய். நம்பருக்கு நான் பயந்தவள் இல்லை. ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தை இருபத்தைந்து வருஷம் எழுதினவள். அதனால் இந்தக் கிழமை ஆறுதலாக இருந்து பார்த்தேன். பார்க்கப் போய், இவ்வளவு நாளும் உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லவேண்டி வந்துவிட்டது. 1989இல் உன்னுடைய டொக்டர் நின்றுபோனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

நாங்கள் 1987இல் இங்கே வந்து, ஒரு அன்ரி வீட்டின் மேல் அறையில் இருந்தோம். அந்த வீட்டில் திங்களும் புதனும் ஏழரைக்கு ஐரிவி சனலில் கொரனேஷன் ஸ்ட்ரீட், ஒரு தெருவில் இருக்கிற ஆட்களின் தொடர்கதை. அது தொடங்கினால் அடுப்பைக்கூட நிறுத்திவிடுவார்கள். பிபிசி என்ன செய்தது தெரியுமா? உன்னுடைய டொக்டரைக் கொண்டுபோய் அதற்கு நேரெதிரே போட்டது. 1987இல் திங்கள், பிறகு இரண்டு வருஷம் புதன், 7.35க்கு. பக்கத்துக் கடையில் கதை தொடங்கி ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு! அந்த நேரம் யார் எழும்பிப்போய் சனல் மாற்றுவது? 1987 நத்தாருக்கு அந்தத் தொடரில் வருகிற ஹில்டா ஒக்டன் தெருவை விட்டுப் போனாள். 2 கோடியே 60 இலட்சத்துக்கு மேல் ஆட்கள் பார்த்தார்களாம். அதில் ஒருத்தி நான். பாதி இங்கிலிஷ் விளங்கவில்லை, மன்செஸ்டர் பேச்சு சுத்தமாக விளங்கவில்லை, ஆனாலும் அழுதேன். வீட்டை விட்டுப் போகிறவளைப் பார்த்தால் அந்த வருஷம் எனக்கு அழுகை வரும்.

ரீவியில் ஒரு பட்டனை அமத்தினால் டொக்டர் இருந்திருக்கிறார். நாங்கள் அமத்தவில்லை. 1989 செப்டம்பரில் புது வரிசையின் முதல் பாகத்தைப் பார்த்தவர்கள் 31 இலட்சம் பேர்தான். டிசம்பர் 6ஆம் திகதி கடைசிப் பாகம். முடிந்தது என்று பிபிசி வாய்திறந்து சொல்லவும் இல்லை, அடுத்த வருஷத்துக்கானதை எடுக்காமல் விட்டுவிட்டது. அவ்வளவுதான்.

நீ பிறகு டிவிடி வாங்கிவந்து அந்த வருஷங்களைப் போட்டுக் காட்டினாய், ஞாபகமா? 1987இல் வந்தவற்றை என்னால் பார்த்துக்கொண்டு இருக்கமுடியவில்லை. செட் எல்லாம் பள்ளிக்கூட நாடகம் மாதிரி. ஆனால் கடைசி வருஷத்தில் வந்தவை நல்லாயிருந்தன. கதை நல்லாகியிருக்க, ஆட்கள் குறைந்துபோயிருக்கிறார்கள். இதை நம்பரை மட்டும் பார்க்கிறவன் கண்டுபிடிக்கமாட்டான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. டொக்டர் ஹூவின் ஆகக் கூடின எண்ணிக்கை 1 கோடியே 61 இலட்சம். 1979 ஒக்டோபர், அப்போது டொக்டராக நடித்த டொம் பேக்கர் பாரிசில் ஓடித்திரிகிற கதையின் கடைசிப் பாகம். நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓகஸ்ட் தொடக்கம் ஐரிவியில் வேலைநிறுத்தம். சனல் இருண்டு கிடந்தது. எதிர்க்கடை பூட்டியிருக்கிற கிழமையில் எங்கள் கடையிலும் பாண் முழுக்க விற்கும், அதை வைத்து முதலாளி அடுத்த மாதம் இரண்டு மடங்கு மா வாங்கினால் நான் விடமாட்டேன். அடுத்த வருஷம் ஐரிவி பக் ரொஜர்ஸ் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைக் கொண்டுவந்து எதிரே வைத்தது, டொக்டரின் கணக்கு பாதிக்கும் கீழே விழுந்தது. அதே டொம் பேக்கர்தான். நீளமான ஸ்கார்ஃப்கூட இருந்தது.

நீ பிறந்த வருஷமும் ஒரு கூத்து. 1996 மே, நீ நாலு மாதக் குழந்தை. ஏழு வருஷத்துக்குப் பிறகு டொக்டரை ஒரு படமாக எடுத்து விட்டார்கள். இங்கே 90 இலட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் தொடராக வரவில்லை, ஏனென்றால் அமெரிக்காவில் ஃபொக்ஸ் சனலில் அது எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. இங்கே 90 இலட்சம் பேர் பார்த்தும், தீர்மானம் அங்கே. இப்போது டிஸ்னி விட்டுவிட்டது என்று நீ சொன்னபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் 2005, டொக்டர் திரும்பத் தொடராக வந்த வருஷம். ஈஸ்டருக்கு முதல்நாள் சனிக்கிழமை, ஏழு மணி. அப்பா இரவு பெற்றோல் ஷெட்டுக்குப் போகவேண்டும், அவருக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். நீ செற்றிக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தாய். கடைப் பொம்மைகள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது ஒரு கண்ணை மட்டும் மேலே காட்டினாய். அன்றைக்கு 1 கோடியே 8 இலட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு கிழமை போகமுன்னமே, டொக்டராக நடித்த எக்கிள்ஸ்ரன் தொடர்ந்து நடிக்கமாட்டாராம் என்று செய்தி வந்தது. நீ இரவு சாப்பிடவில்லை.

ஆனால் நான் சொல்ல வருவது மே மாதத்தை. வாயுமுகமூடி போட்ட சின்னப் பெடியன் லண்டன் குண்டுவீச்சுக்குள்ளே "நீங்களா என்னுடைய அம்மா?" என்று கேட்டுக்கொண்டு திரிவானே, அது. அதன் முதல் பாகத்தைப் பார்த்தவர்கள் 71 இலட்சம் பேர், அடுத்தது 70க்கும் கீழே. இரண்டு மாதத்தில் 37 இலட்சம் பேர் கழன்றுவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் என்றால் சிவப்பு மையில் எழுதுவேன். நீயோ அடுத்த நாள் நீத்துப்பெட்டியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, குசினி வாசலில் நின்று, கீச்சுக்குரலில் அதையே கேட்டாய். ஓம், நான்தான் அம்மா, பெட்டியைத் தா, புட்டு அவிக்கவேண்டும் என்றேன். ஒரு மாதம் விடவில்லை. அந்தப் பெட்டியின் விளிம்பு ஒரு பக்கம் பிரிந்துபோனது உன்னால்தான். இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த எண்ணிக்கைகளை எப்படி எடுக்கிறார்கள் என்றும் பார்த்தேன். முந்தி பிபிசியே ஆட்களை விட்டு நேற்று என்ன பார்த்தாய் என்று கேட்டிருக்கிறது. 1981இல் இருந்து பார்ப் என்று ஒன்று. நாடு முழுக்க ஐயாயிரத்துச் சொச்சம் வீடுகளில் பெட்டி வைத்திருந்தார்கள், பிறகு இன்னும் கூட்டினார்கள். ஐயாயிரமாக இருந்தபோது ஒரு வீடு ஏறக்குறைய ஐயாயிரம் வீட்டுக்குப் பதில் சொன்னது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டன், அறைக்குள் வந்தால் அமத்தவேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் அப்பா அமத்திவிட்டு நித்திரையாகியிருப்பார், அவரும் டொக்டரைப் பார்த்தவராகக் கணக்கில் போயிருப்பார்.

பிடித்ததா என்பதற்கு வேறு கணக்கு. பார்த்தவர்கள் பத்துக்கு எத்தனை என்று போடுவார்கள், அதை நூறுக்கு ஆக்குவார்கள். 1 கோடியே 8 இலட்சம் பேர் பார்த்த அந்த முதல் நாளுக்குக் கிடைத்தது 76தான். 2008இல் டொக்டரின் தோழிகள் எல்லாரும் சேர்ந்து பூமியை மீட்கிற கதையின் இரண்டு பாகத்துக்கும் 91. அந்த இரண்டாவது பாகம் அந்தக் கிழமை நாட்டிலேயே முதலாமிடம். அது நல்ல காலம். அதற்கு முந்தின வருஷ நத்தாரில் பாடகி கைலி மினோக் வந்த டைட்டானிக் கதைக்கு 1 கோடியே 33 இலட்சம். நீ சாப்பாட்டு மேசையில் இருந்து எழும்பி ஓடினதற்கு மாமா கோபித்தார்.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருவோம். சப்பைக்கட்டு கட்டமாட்டேன், விழுந்தது உண்மைதான். 2018இல் ஜோடி விட்டேக்கர் டொக்டராக வந்த நாள் 1 கோடியே 9 இலட்சத்துக்கு மேல். 2023 நவம்பரில், முந்தி டொக்டராக இருந்த டெனன்ட் திரும்பி வந்தபோது 76 இலட்சம். அடுத்த வருஷம் புது டொக்டர் கட்வாவின் வரிசை 40 இலட்சம் அளவில் தொடங்கியது. கொரனேஷன் ஸ்ட்ரீட்டுக்கும் இன்றைக்கு அந்தக் காலத்தின் கால்வாசிகூட இல்லை என்பது ஆறுதல் இல்லை, அது எல்லாருக்கும் வந்த பஞ்சம். ஆனால் ஒன்றை என்னால் பொறுக்கமுடியவில்லை. 2024இல் இங்கே நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்கு இணையத்தில் விட்டார்கள். செற்றிக்குப் பின்னால் ஒளிகிற வயதுப் பிள்ளை அந்த நேரம் எங்கே இருக்கும்? பின்னேரம் ரீவியில் போட்டபோது, பார்க்கவேண்டியவர்கள் பலர் பார்த்து முடித்து, யாருக்கோ கதையையும் சொல்லிவிட்டார்கள். விடியக் காலையில் வருகிற முதல் கணக்கில் அவர்கள் இல்லை. ஏழு நாள் கழித்துத்தான் மெல்லச் சேர்க்கிறார்கள்.

நீ எந்தக் கணக்கிலும் இல்லை. எங்களுக்கு நடுச்சாமம் என்றால் ரொறன்ரோவில் வெள்ளி பின்னேரம் ஏழு மணி. நீ வேலையால் வந்து, குளித்து, சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பாய். நான் இங்கே நித்திரை. முந்தி நீ பார்த்து நான் புட்டு அவித்த நேரமும் ஏழு மணிதான்.

2026 நத்தாருக்கு ஒன்று வரும், ரசல் டேவிஸ் எழுதுகிறார் என்று பிபிசி சொல்லியிருக்கிறது. அதற்கு நீ இங்கே நிற்கிற மாதிரி லீவு கேட்டுப் பார். மாமாவுக்கும் இப்போது கோபம் குறைவு.

மற்றது, மே மாதக் கடைசியில் கட்வாவின் டொக்டர் உருமாறி வந்தது, 2005இல் டொக்டரின் தோழி ரோஸாக நடித்த அந்தப் பிள்ளை பில்லி பைப்பர்தானே? பெயர் போடும்போது அவளை அறிமுகம் என்று மட்டும்தான் போட்டார்கள், டொக்டராக என்று போடவில்லை. அப்பா அவள் டொக்டர்தான் என்கிறார். பதின்மூன்று நிமிஷம்கூட முழித்துப் பார்க்காதவர் சொல்வதை எப்படி நம்புவது? ஞாயிறு எடுக்கும்போது அதை வடிவாக விளங்கப்படுத்து.

அம்மா