கத்திரி பிடித்தவர்கள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

உடை நாகரிகத்தை மாற்றியவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆடை வடிவமைப்பாளர்கள் கோகோ ஷனேல், கிறிஸ்டியன் டியோர், மேரி குவாண்ட், ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் என்று படங்களெல்லாம் அருமை. ஆனால் முப்பது வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு மனக்குறை. உடுத்தியவர்கள் இருக்கிறார்கள், கடைக்குத் தன் பெயரை வைத்தவர்கள் இருக்கிறார்கள். கத்திரி பிடித்தவர்களைத்தான் காணோம்.

ஜேம்ஸ் டீன் போட்டதால்தான் ஜீன்ஸ் இளைஞர்களின் உடையானது என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். அந்த பேண்ட்டின் பாக்கெட் ஓரத்தில் செம்பு ரிவிட் அடித்தது யார்? அமெரிக்காவின் ரெனோ நகரில் இருந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர். விறகு வெட்டும் கணவனுக்குச் சீக்கிரம் கிழியாத பேண்ட் வேண்டும் என்று ஒரு பெண் கேட்டு வந்தார். குதிரைப் போர்வைக்கு அடிக்கும் ரிவிட் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து பாக்கெட் முனைகளில் அடித்துக் கொடுத்துவிட்டார். காப்புரிமைக்குக் கட்டக் கையில் பணம் இல்லாமல், தனக்குத் துணி விற்ற லீவை ஸ்ட்ராஸுக்கு 1872இல் கடிதம் எழுதினார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. இன்று பேண்ட்டின் இடுப்பில் இருப்பது துணி வியாபாரியின் பெயர்.

பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனேவுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தீர்கள். துணியை கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்கு மூலைவாட்டமாக, வெட்டித் தைத்தவர்களுக்குத்தான் அந்த அம்மாவின் அருமை தெரியும். நேராக வெட்டினால் துணி சொன்ன பேச்சு கேட்கும். கிராஸாக வெட்டினால் இழுபடும், தொங்கும்; ஒரு ராத்திரி முழுக்க மாட்டி வைத்து, அது இறங்கி முடித்த பிறகுதான் கீழ்மடிப்புக்கே குறி போட முடியும். அந்தத் தொல்லையையே அவர் அழகாக்கினார். சின்ன மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, உடம்போடு வழியும் கவுன்களைப் பாரிஸில் செய்தார். போலிகளைத் தடுக்க லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தவரும் அவர்தான்.

மினி ஸ்கர்ட்டைக் கண்டுபிடித்தது மேரி குவாண்ட் என்று அடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். லண்டன் கிங்ஸ் ரோட்டில் நடமாடிய பெண்கள்தான் அதைக் கொண்டுவந்தார்கள் என்று அவரே சொன்னதுண்டு.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜான் கென்னடியின் மனைவி ஜாக்குலின் கென்னடியின் கல்யாண கவுன் படம். 1953இல் நடந்த கல்யாணம். படத்துக்குக் கீழே மணமகள் பெயர், மணமகன் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது. தைத்தவர் ஆன் லோவ். அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண். அம்மா, பாட்டி இருவரும் தையல் வேலை செய்தவர்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருடைய தையல்கூடத்தில் தண்ணீர் புகுந்து, மணமகள் கவுனோடு தோழிகளின் கவுன்களும் பாழாயின. ஐம்பது கஜம் பட்டுத் துணி விழுங்கிய கவுன் அது. மறுபடி துணி வாங்கி, ராப்பகலாக உட்கார்ந்து தைத்து, சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார். லாபத்துக்குச் செய்த வேலை நஷ்டத்தில் முடிந்தது. மறுநாள் பத்திரிகைகள் கவுனை விவரித்து எழுதின. அநேகமாக எதிலும் அவர் பெயர் இல்லை.

அன்றைய பத்திரிகைக்காரர்கள் விட்டதற்கு அந்தக் காலம் அப்படி என்று காரணம் சொல்லலாம். நீங்களும் விட்டுவிட்டீர்களே! அடுத்த இதழில் திருத்தம் போடும் மூலையில் இடம் இருந்தால், அந்தப் படத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: தைத்தவர், ஆன் லோவ்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி