எங்கள் முழங்காலையும் ஒருமுறை அளந்து பாருங்கள்

நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்புத் துறையினருக்கு,

வணக்கம்.

என் உயரம் 6 அடி 3 அங்குலம். ஷூ சைஸ் 11. திருச்சியில் மருந்து கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. துறையூர், முசிறி லைன் என்னுடையது. காலையில் மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் போய், அங்கிருந்து முசிறி, அப்புறம் குணசீலம் வழியாக வீடு என்று ஒரு சுற்று வந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் இதுதான் பிழைப்பு. வண்டி 100 சிசி. உங்களில் யார் தயாரித்தது என்று சொல்லப் போவதில்லை. எல்லோருடையதிலும் ஏறிப் பார்த்துவிட்டேன், பெரிய வித்தியாசம் இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புலிவலம் தாண்டி ஐம்பத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர். என் வண்டியின் கியர் லீவர் முன்னால் மிதித்தால் ஏறும், பின்னால் குதிகாலால் மிதித்தால் இறங்கும். இந்த இரண்டு மிதிக்கும் நடுவில் நீங்கள் விட்டிருக்கும் இடத்தில் 8 சைஸ் ஷூ சுகமாக உட்காரும். என் 11 சைஸ் லெதர் ஷூ உட்காராது. அதனால் இடது காலை எப்போதும் வாத்து நடப்பதுபோல் வெளியே திருப்பியே வைத்திருப்பேன். அன்று ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது பாதம் நேராகி, குதிகால் பின் மிதியில் இறங்கிவிட்டது. நாலாவது கியர் மூன்றாகி, வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி சுணங்கியது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை, அதனால் பின் விளக்கும் எரியவில்லை. டிப்பர்காரருக்கு நான் வேகம் குறைத்ததே தெரிந்திருக்காது. அவர் ஹாரனை அழுத்திக்கொண்டு வலது பக்கம் ஒடித்துப் போனார். என் தாயாரைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

இது ஒரு நாள் கதை. முழங்கால் தினசரிக் கதை. சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் இடம் போதாததால் என் முழங்கால் நாள் முழுக்க மடங்கியே இருக்கிறது. பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் முழங்கால் அணைத்துக்கொள்ள அழகாகக் குழி வைத்திருக்கிறீர்களே, என் முழங்கால் அந்தக் குழிக்கு முன்னால், டேங்கின் விளிம்பில் போய் இடிக்கிறது. இடிக்காமல் இருக்கப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால், மாத்திரை சாம்பிள் பை கட்டிய இடம் வந்துவிடும், கையும் ஹேண்டில்பாருக்கு எட்டி முதுகு வளையும். ஐம்பது கிலோமீட்டர் போனதும் இறங்கி நின்று காலை உதறாமல் மேலே போக முடியாது. துறையூரில் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போனால், நான் நொண்டி நொண்டி உள்ளே வருவதைப் பார்த்து, "ஏம்பா, நீ விக்கிற மாத்திரையை நீயே சாப்பிடுறியா இல்லையா?" என்று கேட்கிறார். சாப்பிடுகிறேன் டாக்டர்.

ஷோரூமில் இதைச் சொன்னால் ஒரே பதில்தான்: "சார், உங்க ஹைட்டுக்குப் பெரிய வண்டிதான் கம்பீரமா இருக்கும்." எனக்குக் கம்பீரம் வேண்டாம், காலை வைக்க இடம் வேண்டும். கம்பெனி எனக்குக் கிலோமீட்டர் கணக்கில்தான் படி தருகிறது. லிட்டருக்கு முப்பது கொடுக்கும் வண்டியில் முசிறி போய்வந்தால் மாதக் கடைசியில் நான்தான் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். போகட்டும், பெரிய வண்டி என்றால் பெரிய இடம் என்று அர்த்தமா? அதுவும் இல்லை. சில 350 சிசி வண்டிகளில் உட்கார்ந்து பார்த்தேன். எடை கூடியிருந்தது, விலை கூடியிருந்தது, முழங்கால் அதே இடத்தில்தான் மடங்கியது.

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை நீங்கள்தான் வளர்க்கிறீர்கள். உங்கள் விளம்பரத் தாளில் 'சீட் உயரம்' என்று ஓர் அளவு போடுகிறீர்கள். 100 சிசி வண்டிகளில் அது பெரும்பாலும் 800 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்ற கணக்கு அது. கால் தரையில் எட்டுமா என்று பார்க்கிறவருக்கு அது போதும். எனக்குக் கால் எட்டுகிறது, எட்டி மிச்சமும் இருக்கிறது. ஓடும்போது என் கால் இருப்பது ஃபுட்ரெஸ்டில். சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை. புளூடூத் உண்டு, சார்ஜ் போட யூஎஸ்பி உண்டு, மீட்டரில் என் பெயர் சொல்லி வரவேற்கும் வசதியும் உண்டு. அந்த ஓர் அளவு மட்டும் ராணுவ ரகசியம்.

நானாகச் செய்துகொள்ளலாமே என்பீர்கள். செய்து பார்த்தேன். ஃபுட்ரெஸ்டை இறக்கலாம் என்று மெக்கானிக்கிடம் போனேன். இன்ஜினுக்கு அடியில் ஒரே இரும்புக் குழாயாக இரண்டு பக்கமும் நீண்டிருப்பதைக் காட்டி, "இறக்கினா ஸ்பீடு பிரேக்கர்ல இடிக்கும், வளைவுல தரையைக் கிழிக்கும். என்னை வம்புல மாட்டிவிடாதீங்க சார்" என்றார். நியாயம். அப்புறம் பாலக்கரைப் பக்கம் சீட் கட்டும் கடை. அந்தப் பெரியவர் டேப் எதுவும் எடுக்கவில்லை. என்னை வண்டியில் உட்காரச் சொல்லி, நாலடி தள்ளி நின்று முழங்காலைப் பார்த்தார். "ரெண்டு இஞ்சு" என்றார். ரெக்சினை உரித்து, கெட்டி ஃபோமை ஒட்டி, கத்தியால் ஓரம் சீவி, ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். முதல் வாரம் சொர்க்கம். "ஆறு மாசத்துல அமுங்கிடும் தம்பி, கம்பெனிக்காரன் அச்சுல ஊத்துற மாதிரி வராது" என்று அவரே சொல்லி அனுப்பியிருந்தார். நாலே மாதத்தில் அமுங்கிவிட்டது. வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டரில் சீட்டைப் பார்த்துவிட்டு, இனி இதற்கு வாரண்டி கிடையாது என்றார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "தங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது." அந்த உரிய பிரிவு நீங்கள்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த மடல்.

முடியாத ஒன்றையா கேட்கிறேன்? ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450-ல் சீட்டை 825, 845 மில்லிமீட்டர் என்று இரண்டு உயரத்தில் மாற்றி வைக்கலாம். உயரம் குறைந்தவர்களுக்கு 805-ல் தொடங்கும் தாழ்ந்த சீட்டும் தனியாகக் கிடைக்கிறது. ஆக, செய்யத் தெரிகிறது. லட்சங்களில் வண்டி வாங்குகிறவருக்கு இரண்டு உயரம், எனக்கு ஒன்று. முழங்கால் என்னவோ இருவருக்கும் ஒரே எலும்பில்தான் இருக்கிறது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி பாதிச் சக்கரத்தையாவது மறைக்க வேண்டும் என்கிறது. சேலை கட்டும் ஊர் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். நெட்டையர்களைப் பற்றி யோசிக்க மட்டும் ஆள் இல்லை. பஸ்ஸில் எங்கள் முட்டி முன் சீட்டின் முதுகைக் குத்துகிறது, முன்னால் இருப்பவர் திரும்பி முறைக்கிறார். லாட்ஜ் கட்டிலில் கால்மாட்டுப் பலகை இருந்தால் குறுக்காகப் படுக்க வேண்டும். சலூனில் "கொஞ்சம் சறுக்கி உட்காருங்க" என்கிறார்கள். கல்யாண வீட்டில் குரூப் போட்டோ என்றால் சொல்லாமலே கடைசி வரிசை. மன்னிக்கவும், இதெல்லாம் உங்கள் துறை இல்லை. வண்டிக்கு வருகிறேன்.

எல்லோருக்கும் சீட்டை உயர்த்துங்கள் என்று கேட்கவில்லை. என் மனைவி 5 அடி 1 அங்குலம், இதே வண்டியை அவளும் ஓட்டுகிறாள். நான் ஃபோம் ஏற்றிய நாலு மாதமும் சிக்னலில் நுனிக்காலில் நின்று என்னைத் திட்டினாள். அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் அச்சிலேயே வார்த்த உயரமான சீட் ஒன்றை, 100, 125 சிசி வண்டிகளுக்கும், வாரண்டியோடு, கழற்றி மாட்டும்படி தனியாக விலைக்குக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். குதிகால் மிதி இல்லாத கியர் லீவரையும் கேட்பவருக்குக் கொடுங்கள். இரண்டும் உடனே முடியாது என்றால், சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் வரை உள்ள அளவையாவது விளம்பரத் தாளில் அச்சிடுங்கள். அதற்கு மை மட்டும் போதும்.

இதைத் தாழ்மையுடன்தான் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், உங்கள் அலுவலகத்திலேயே உயரமானவர் ஒருவரைத் திருச்சிக்கு அனுப்புங்கள். காலை ஏழரைக்கு நம்பர் ஒன் டோல்கேட்டில் நிற்பேன். துறையூர் வரை வண்டியை அவர் ஓட்டட்டும். நான் பின்னால் சாம்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருகிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி