நாலாவது கையெழுத்து

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிறு நீ போனில் சொன்ன வார்த்தை அப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. "கஷ்ட காலத்துலதாம்பா மனுஷனோட நிஜ முகம் தெரியுது, அதைப் பாக்கவே பிடிக்கல, வேலையை விட்டுடலாம்னு இருக்கு" என்றாய். ராத்திரி முழுக்க ஒரு வார்டையே பார்த்துக்கொண்டவனை விடிந்ததும் நோயாளியின் சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடித்தால் வேறு என்னதான் தோன்றும்? அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டுமென்றால் முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், அதைப் போனில் பேசினால் பாதியில் குரல் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டிருந்தாய். நம் மேல்மாடியில் ஒரு நர்ஸ் தனியாகக் குடியிருந்தார் இல்லையா, டியூட்டி முடிந்து எந்த நேரத்துக்கு வந்தாலும் செருப்பைக் கீழேயே கழற்றி, படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்து சோப்புத் தண்ணீரில் கழுவுவார். கதவு இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேன். இரண்டு செருப்பையும் கழுவி, அப்புறம் கைப்பிடிக் கம்பியையும் துடைத்துக்கொண்டே மேலே ஏறுவார், நமக்கு எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்று. அவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள், ஒவ்வொரு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உன் அம்மாவுக்கு மூச்சிரைப்பு, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது. அந்த நேரத்தில் அது எனக்குக் கெட்ட காரியமாகவே படவில்லை தம்பி, குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். பயம் அப்படித்தான் வருகிறது, பாசத்தின் குரலில் பேசிக்கொண்டு வருகிறது. உன் சட்டையைப் பிடித்த அந்த ஆளைப் பற்றி நீ சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கையெழுத்துதான்.

அதற்குப் பிறகுதான் பழைய கொள்ளைநோய்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். 1348, 1349இல் ஐரோப்பாவில் பிளேக் ஊர் ஊராகப் பரவியபோது, யூதர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டு அவர்களைக் கூட்டம் கூட்டமாக எரித்துக் கொன்றார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் பிளேக் வந்து சேர்வதற்கு முன்பே இது நடந்தது, நோய் வரவில்லை, நோயைப் பற்றிய பேச்சு மட்டும்தான் வந்திருந்தது! அப்போதைய போப் ஆறாம் கிளெமென்ட், அவர்களும் இதே நோயில்தானே சாகிறார்கள், அவர்களே இல்லாத ஊரிலும் நோய் பரவுகிறதே என்று ஆணையே போட்டுச் சொன்னார். எத்தனை தெளிவான வாதம் பார், ஆனால் கேட்பவர் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பயந்துகொண்டு இருப்பதைவிட, கண்ணுக்குத் தெரிகிற ஒருவரை வெறுப்பது மனசுக்குச் சுலபமாக இருக்கிறது. அதுவும் எதிர்த்துப் பேச ஆள்பலம் இல்லாத ஒருவராகப் பார்த்துத்தான் கை நீளுகிறது. மேல்மாடிக்காரர் ஒரு பெரிய அதிகாரியாக இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை யாராவது எழுதியிருப்பார்களா? நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா?

1793இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஏறக்குறைய 5,000 பேர் செத்துப்போனார்கள், மொத்த ஜனத்தொகையே சுமார் 50,000தான். வசதி இருந்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கறுப்பின மக்களுக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று டாக்டர்களே நம்பியதால், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வாருங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டார்கள். கறுப்பினத் தலைவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தங்கள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். காய்ச்சல் அவர்களையும் விடவில்லை. எல்லாம் முடிந்தபின் கிடைத்தது என்ன தெரியுமா, பணம் பிடுங்கினார்கள், திருடினார்கள் என்ற பழி. அதை மறுத்து 1794இல் அந்த இருவரும் ஒரு சிறு நூலே அச்சிட வேண்டியிருந்தது. நமக்கு வேண்டும்போது கை தட்டுவதும், வேலை முடிந்ததும் கணக்குக் கேட்பதும் கொரோனா காலத்துப் புதுப் பழக்கம் இல்லை. உனக்கு நடந்ததைச் சின்ன விஷயம் என்று சொல்ல இதை எழுதவில்லை, நீ தனி ஆள் இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

"வீட்டிலேயே இருங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே உத்தரவுதான் போட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு சம்பளம் வாங்க முடிந்தவர் ஒரு பக்கம், அன்றாடம் வெளியே போனால்தான் பிழைப்பு என்கிறவர் ஒரு பக்கம். பிந்தையவர்கள் வெளியே போனதால்தான் முந்தையவர்கள் உள்ளே இருக்க முடிந்தது. தடுப்பூசி வந்தபோதும் பணக்கார நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்துக்கொண்டன. நான் கோபப்பட்டுப் பேசினால் நிறுத்தமாட்டேன் என்று உனக்குத் தெரியும், அதனால் இதை இங்கேயே விடுகிறேன்.

சரி, மேல்மாடிக்கு வருகிறேன். வீட்டு உரிமையாளர் அந்தக் கடிதத்தை ஏற்கவில்லை, அந்தப் பெண் அங்கேயே இருந்தார். நடுவில் அவருக்கே கொரோனா வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி வந்து மறுபடி டியூட்டிக்குப் போனார். அடுத்த வருஷம் எனக்கு வந்தது. உனக்குச் 'சாதாரண ஜுரம்' என்று சொன்னோமே, அதுதான். மூன்றாம் நாள் ராத்திரி கதவு தட்டும் சத்தம். உன் அம்மா திறந்தபோது வாசலில் ஒரு கவரில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டர் இருந்தது, அவர் நாலு படி மேலே நின்றுகொண்டிருந்தார். "சாரை விரல்ல மாட்டிப் பாக்கச் சொல்லுங்க, 94க்குக் கீழ போச்சுன்னா எந்நேரமானாலும் கூப்பிடுங்க" என்றார். நான் உள்ளிருந்தே எழுந்து வந்து, இருமிக்கொண்டே, அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முடிக்க விடவில்லை. "தெரியும் சார். நாலாவது கையெழுத்து உங்களோடது. இப்ப எவ்வளவு காட்டுது, அதைச் சொல்லுங்க."

93 காட்டியது. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்தது அவர்தான்.

கி.மு. 430இல் ஏதென்ஸில் கொள்ளைநோய் வந்தபோது அதில் விழுந்து பிழைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் எழுதி வைத்திருக்கிறார், நோயாளிகளிடம் மற்ற எல்லோரையும்விட இரக்கம் காட்டியவர்கள் அதே நோயில் கிடந்து எழுந்தவர்கள்தான் என்று. அதற்கு அவரே ஒரு காரணமும் சொல்கிறார், அந்த வலி அவர்களுக்குத் தெரியும், இனித் தங்கள் உயிருக்குப் பயமும் இல்லை. படித்தபோது எனக்கு அந்தப் படிக்கட்டுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பெண் தனக்கு நோய் வருவதற்கு முன்பே நமக்காகக் கம்பியைத் துடைத்தவர், அதற்கு தூசிடைடீஸிடமும் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

இன்னொருவர், சோமாலியாவின் அலி மாவ் மாலின். ஆஸ்பத்திரிச் சமையல்காரர். ஊசி வலிக்கும் என்று பயந்து பெரியம்மைத் தடுப்பூசியைத் தட்டிக்கழித்தவர். 1977இல் அம்மை கண்ட குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழி காட்டப் போய்த் தொற்றிக்கொண்டார், இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி அவர்தான். அப்புறம் அவரே போலியோ பிரசாரத்தில் சேர்ந்து, ஊசிக்குப் பயந்த தன் கதையைத் தாய்மார்களிடம் சொல்லிச் சொல்லிக் குழந்தைகளுக்கு மருந்து போட வைத்தார். அந்த வேலையில் இருக்கும்போதுதான் 2013இல் மலேரியாவில் இறந்தார். பயந்தவரும் அவர்தான், பயந்தவர்களைத் தேடிப் போனவரும் அவர்தான். எது நிஜ முகம் என்று நீ சொல்வாய்?

வேலையை விடுவதா வேண்டாமா என்பது உன் முடிவு, நீ எது செய்தாலும் அப்பா உன் பக்கம். உன் சட்டையைப் பிடித்த அந்த மனுஷரின் தாயார் இப்போது எப்படி இருக்கிறார்கள், அதை நீ சொல்லவே இல்லையே. நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா