கஜாவுக்குப் பயந்து போட்ட கூரை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மொட்டை மாடியில வெள்ளை பெயிண்ட் அடிச்சா வீட்டுக்குள்ள சூடு குறையும்னு போன வாரம் நம்ம பேப்பர்ல போட்டிருந்தீங்க. நல்ல விஷயம்தான், நானும் அடிச்சிருக்கேன், ஆனா பெயிண்டுக்கு முன்னாடி பேச வேண்டியது கொஞ்சம் இருக்கு.

எங்க ஊரு பட்டுக்கோட்டை பக்கம். 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள கஜா புயல் அடிச்சு முடிச்சப்போ எங்க தெருவுல பாதி சீமை ஓட்டு வீடு மொட்டையா நின்னுச்சு. அந்த ஒரு ராத்திரி பயத்துல இனிமே ஓடே வேணாம்டா சாமின்னு ஆளாளுக்கு தகர ஷீட்டுக்கும் தளத்துக்கும் மாறிட்டோம். இப்ப யோசிச்சா அன்னைக்கு ஷீட்டும்தானே பறந்துச்சு, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை ஷீட்டு மூணு வீடு தள்ளி புளியமரத்துல தொங்குச்சு. ஆனா எங்க பெரியப்பா வீட்டு ஓடு நாலஞ்சுதான் போச்சு. அவரு முகட்டு ஓட்டையும் ஓரத்து ரெண்டு வரிசையையும் கலவை வெச்சு பூசியிருந்தாரு, ஓடு உக்காருற ரீப்பர் சட்டத்தை அடியில இருக்குற கைமரத்தோட இறுக்கி அடிச்சிருந்தாரு, அவ்ளோதான். காத்து இறவானத்துக்கு, அதான் சுவத்தைத் தாண்டி நீட்டிட்டிருக்குற கூரை ஓரத்துக்கு, அடியில பூந்து ஓரத்துல இருந்துதான் கெளப்பும், அங்க பிடி இருந்தா மத்தது நிக்கும். ஷீட்டு போட்டாலும் ஜே போல்ட்டும் வாசரும் ஓரத்துல நெருக்கமா போடணும், நாம அங்கதான் மிச்சம் பிடிக்கிறோம்.

நான் தளம் போட்டேன். புயலுக்கு பயமில்ல சரி, ஆனா சித்திரையில ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறக்குது, பகல் முழுக்க குடிச்ச சூட்டை கான்கிரீட்டு ராத்திரிதானே கக்கும். ஓட்டு வீட்டுல சந்து வழியா சூடு மேல போயிரும். அந்தக் காலத்துல சூடு கீழ இறங்காம இருக்க தளத்து மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு கடுக்காய் தண்ணி தெளிச்சு பொம்பளையாளுங்க வரிசையா உக்காந்து நாள் கணக்கா கட்டையால தட்டுவாங்க, அதுக்கு மேல தட்டையான தட்டோடு பதிப்பாங்க. நான் காசு பத்தலன்னு ரெண்டையும் விட்டுட்டேன், அது என் தப்பு.

மூணாவது ஐப்பசியிலேயே ஒழுக ஆரம்பிச்சிருச்சு. வாட்டர் ப்ரூஃபிங் ஆளு ஒருத்தரு வந்து பாத்துட்டு நாப்பதாயிரம்னாரு. எதுக்கும் கேப்போமேன்னு எங்க பழைய கொத்தனார கூப்பிட்டேன், அவரு மேல ஏறி என் பையன்கிட்ட ஒரு கோலிகுண்டு வாங்கி தளத்துல விட்டாரு, அது மழைத்தண்ணி இறங்குற பைப் பக்கம் போகாம நேரா மூலைக்கு உருண்டுச்சு. வாட்டமே தப்புன்னாரு. பத்தடிக்கு ரெண்டு இஞ்சாவது இறக்கம் வேணுமாம். அப்புறம் பைப்புக்குள்ள கைய விட்டு வேப்பஞ்சருகு, காக்கா கூட்டுக் கம்பி, ஒரு ஷட்டில் காக்கு எல்லாத்தையும் இழுத்துப் போட்டாரு (பையன் ரெண்டு மாசமா தேடின காக்கு அது). தேங்கின தண்ணி முழுக்க கடகடன்னு இறங்கிருச்சு. அப்புறம்தான் வாட்டத்த சரி பண்ணி, விரிசல அடைச்சு, காயவிட்டு, பெயிண்ட் அடிச்சது. பெயிண்ட் வெயில திருப்பி அனுப்பும், ஒழுகலுக்கு அது மருந்தில்ல. அதுலயும் வருசம் ஒரு தடவ கழுவி விடலன்னா புழுதி படிஞ்சு வெள்ளை செம்மண் கலராயிரும், அப்புறம் அடிச்சதே வீண்.

ஆசிரியர்கிட்ட ரெண்டு வேண்டுகோள். எங்க பக்கம் ஓடு மாத்தத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு, ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிருச்சு. ஐடிஐ பசங்களுக்கு இந்த வேலையையும் சொல்லித்தரச் சொல்லி எழுதுங்க. இன்னொன்னு, கூரை பத்தின கட்டுரைய சித்திரையில மட்டும் போடாம ஆவணியிலயும் ஒண்ணு போடுங்க, ஐப்பசி பொறந்துட்டா இங்க எந்தக் கொத்தனாரும் போன எடுக்க மாட்டாரு.

இப்படிக்கு,
பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர்