ஃபம்பிள் எண்ணிக்கை மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் புகழ்பெற்ற ரன்னிங் பேக்குகள் (பந்தோடு ஓடும் ஆட்டக்காரர்கள்) எத்தனை முறை பந்தை நழுவவிட்டார்கள், அதாவது ஃபம்பிள் செய்தார்கள் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பட்டியல் வந்திருந்தது. டோனி டார்செட் 90, ஃபிராங்கோ ஹாரிஸ் 90, வால்டர் பேட்டன் 86. எண்களில் பிழையில்லை. ஆனால் பந்து எத்தனை முறை அவர்கள் கைக்கு வந்தது என்பதை விட்டுவிட்டு இந்த எண்ணை மட்டும் போடுவது, எத்தனை ஓவர் என்று சொல்லாமல் ஒரு பந்துவீச்சாளர் கொடுத்த ஓட்டங்களை மட்டும் போடுவது போன்றது. பேட்டனைப் போன்ற ஒருவரைக் கை உறுதியில்லாதவர் என்று புதிய வாசகர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பேட்டன் 3,838 முறை பந்தோடு ஓடினார். 492 முறை பாஸைப் பிடித்தார். ஆக 4,330 தடவை. 86ஆல் வகுத்தால் சுமார் 50 தடவைக்கு ஒரு ஃபம்பிள். டார்செட்டுக்கு இது 37, ஹாரிஸுக்கு 36. அடுத்த தலைமுறையில் எமிட் ஸ்மித்துக்கு 61 ஃபம்பிள். ஆனால் 4,409 ஓட்டம், 515 கேட்ச். அதாவது 80 தடவைக்கு ஒன்று. பேரி சாண்டர்ஸ் 41, சுமார் 83 தடவைக்கு ஒன்று. இவர்கள் எல்லோரையும் விடக் கெட்டியான கை கர்டிஸ் மார்ட்டினுக்கு: 4,002 தடவையில் 29 மட்டுமே, 138க்கு ஒன்று. மார்ட்டினின் இந்தப் பெருமையை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இன்னொன்று. ஃபம்பிள் என்றாலே பந்து எதிரணிக்குப் போய்விட்டது என்று பொருளில்லை. நழுவிய பந்தைச் சொந்த அணியே எடுத்துக்கொண்டாலும் அது அவர் கணக்கில் ஏறிவிடும். தரையில் கிடக்கும் பந்து யாருக்குப் போகும் என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே '90 முறை பந்தை இழந்தார்' என்று எழுதுவது தவறு.

பழைய ஆட்டக்காரர்களின் எண் ஏன் கூடுதல்? வீடியோ மறுபார்வை 1986இல்தான் வந்தது, 1991 சீசனோடு நின்றது, 1999இல் திரும்ப வந்தது. அதற்கு முன்பு, முழங்கால் தரையைத் தொட்ட பிறகு பந்து வெளியே வந்தாலும், நடுவர் கண்ணுக்கு ஃபம்பிளாகத் தெரிந்தால் ஃபம்பிள்தான். இன்று அத்தகைய தீர்ப்புகள் பல திருத்தப்படுகின்றன. இன்றைய கையுறைகளின் பிடிப்பும் அன்று கிடையாது. சிகாகோவின் திறந்த மைதானத்தில், டிசம்பர் குளிரில் விறைத்த விரல்களோடு பந்தைப் பிடித்தவர் பேட்டன். 1984இல் எரிக் டிக்கர்சன் ஒரே சீசனில் 2,105 யார்டு ஓடிய சாதனை இன்றும் நிற்கிறது. அதே ஆண்டு அவருடைய ஃபம்பிள் 14! அதற்காக அவரை யாரும் பெஞ்சில் உட்காரவைக்கவில்லை.

பிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விஷயமே அங்குதான் இருக்கிறது. பந்தின் நீளம் 11 முதல் 11¼ அங்குலம், எடை 14 முதல் 15 அவுன்ஸ். முன்நுனியை விரல்கள் விரித்துக் கவ்வ வேண்டும். அந்த நுனி வெளியே தெரிந்தால் எதிராளி குத்துவது அதைத்தான். உள்ளங்கை, முன்கை இரண்டும் பந்தோடு ஒட்ட வேண்டும். பின்நுனி முழங்கை மடிப்பில் புதைய வேண்டும். பந்தின் உள்பக்கம் விலா எலும்பில் அழுந்த வேண்டும். பந்துக்கும் உடம்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலே ஆபத்து. திசை மாறித் திரும்பும்போது சமநிலைக்காகக் கை தானாக வெளியே வீசும்; முழங்கை விலாவை விட்டு விலகும்; அந்த நொடியில்தான் பந்து போகும். அடுத்த ஆபத்து, முதல் ஆள் பிடித்து நிறுத்திய பிறகும் இன்னும் ஒரு யார்டுக்காகக் கால்களை உதைத்துக்கொண்டிருப்பது. உடம்பு நின்றுவிட்டது, பந்து மட்டும் வெளியே நிற்கிறது. இரண்டாவதாக வருபவருக்கு அதுவே இலக்கு. சிகாகோவின் சார்லஸ் டில்மன் இதையே கலையாக்கினார். ஆளைத் தடுக்கும்போதே முஷ்டியால் பந்தைக் குத்துவார். மொத்தம் 44 ஃபம்பிள்களை வரவழைத்தார். அதில் 10, 2012 சீசனில் மட்டும்.

பந்தை எந்தக் கையில் வைப்பது என்பதும் முக்கியம். பக்கக் கோட்டை ஒட்டி ஓடும்போது கோட்டுப் பக்கக் கையில் இருக்க வேண்டும். நழுவினாலும் வெளியே போகும். பந்து நம் அணியிடமே இருக்கும். கூட்டத்துக்கு நடுவே கை மாற்றவே கூடாது. ஆட்டத்தை நடத்திப் பந்தைக் கொடுக்கும் குவார்ட்டர்பேக்கிடம் வாங்கும்போது அவர் பக்கத்து முழங்கை மேலே, மறுகை வயிற்றுக்குக் கீழே. மேல்கை தாழ்ந்துவிட்டால் பந்து அதில் இடித்துக் கீழே விழும்.

பிடியைத் திருத்தினால் கணக்கு எவ்வளவு மாறும் என்பதற்கு நியூயார்க் ஜயன்ட்ஸின் டிக்கி பார்பரே சான்று. 2000 முதல் 2003 வரை நான்கு சீசன்களில் 35 ஃபம்பிள். 2004இல் டாம் காஃப்லின் பயிற்சியாளராக வந்ததும் பந்தை வைக்கும் விதம் மாறியது. மணிக்கட்டு முழங்கையைவிட உயரத்தில், பந்து செங்குத்தாக மார்போடு ஒட்டி. அந்த ஆண்டு 5. 2005இல் 357 ஓட்டம், 54 கேட்ச், 1,860 யார்டு; ஃபம்பிள் ஒன்றே ஒன்று. 2003இல் 39 தடவைக்கு ஒன்றாக இருந்தது, இரண்டே ஆண்டில் 411க்கு ஒன்றானது. அப்போது அவருக்கு முப்பது வயது. கை உறுதி பிறவியில் வருவது என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது?

எண்ணிக்கையைவிடப் பெரியது, எப்போது நழுவுகிறது என்பது. 1991 ஜனவரி 20, சான் ஃபிரான்சிஸ்கோ. ஜயன்ட்ஸுக்கு எதிராக உள்ளூர் அணி 13-12 என முன்னிலை, மூன்று நிமிடம்கூட இல்லை, நேரத்தைக் கடத்தினால் போதும். ஜயன்ட்ஸின் எரிக் ஹோவர்டின் ஹெல்மெட் பந்தில் இடித்தது. உள்ளூர் அணியின் ரோஜர் கிரெய்கின் கையிலிருந்து பறந்த பந்து ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லரிடம் போய்ச் சேர்ந்தது. ஜயன்ட்ஸ் 15-13 என வென்று இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போனது. 1988 ஜனவரியில் டென்வரில் கிளீவ்லாந்தின் எர்னஸ்ட் பைனருக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 21-3 எனப் பின்தங்கிய அணியை மீட்டுக்கொண்டு வந்தவர்களில் முதன்மையானவரே அவர்தான். கடைசி நேரத்தில், கோல் கோட்டுக்கு மிக அருகே, டென்வரின் ஜெரமையா காஸ்டில் பந்தைப் பறித்தார். அந்த ஒரு ஃபம்பிளை வைத்தே பைனரை இன்றுவரை நினைவுகூர்வது நியாயமில்லை.

அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது, ஃபம்பிள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஓட்டமும் கேட்சும் சேர்ந்த மொத்தத்தை ஒரு பத்தியிலும், எத்தனை தடவைக்கு ஒன்று என்பதை இன்னொரு பத்தியிலும் போடுங்கள். எதிரணி எடுத்துக்கொண்டவை தனியாகக் கிடைத்தால் அதையும் சேருங்கள். எதிரணி உதைத்தனுப்பும் பந்தை (பன்ட்) பிடித்துத் திருப்பி ஓடும் வேலையும் செய்தவர்களுக்கு அந்தத் தடவைகளும் மொத்தத்தில் சேர வேண்டும். அங்கே நழுவியதும் அதே கணக்கில்தான் ஏறியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்