படுக்கும் இடத்தின் உயரத்தையும் போடுங்கள்

தில்லியிலிருந்து லடாக்கின் லேவுக்குச் சாலைப் பயணம் ஏற்பாடு செய்யும் நம் தமிழ்க் குழுக்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டிய பயண நிரல்கள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிட்டன. ஆர்.கே.புரம் மலை மந்திரில் வண்டிக்குப் பூசை, டயரடியில் எலுமிச்சம்பழம், இரவோடு இரவாக மணாலி, மறுநாள் நடுவழியில் சர்ச்சு கூடார முகாம், அதற்கடுத்த நாள் லே. பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, டங்லாங் லா என்று கணவாய்களின் உயரம் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ராத்திரி எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கப் போகிறோம் என்பதை யாரும் போடுவதில்லை. அந்த ஒரு வரியைச் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கணவாயில் நாம் நிற்பது கொஞ்ச நேரம்தான். ஒரு தேநீர், பிரார்த்தனைக் கொடிகளுக்குப் பக்கத்தில் நாலு போட்டோ, அப்புறம் இறங்கிவிடுவோம். உடம்பை வாட்டுவது பெரும்பாலும் தூங்கும் உயரம். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் எல்லோரும் சொல்லும் பொது விதி. மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர். சர்ச்சு 4,290. ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்க வைக்கிறீர்கள். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா உச்சி 2,637தான்.

முன்பெல்லாம் ரோத்தாங் கணவாயே பாதி நாளைத் தின்றுவிடும். வேறு வழியில்லாமல் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ தங்குவோம். அங்கே உயரம் 3,100, 3,200 அளவில்தான். 2020 அக்டோபர் 3 அன்று ரோத்தாங்குக்கு அடியில் அடல் சுரங்கப்பாதை திறந்தது. 9 கிலோமீட்டர் சுரங்கம் 46 கிலோமீட்டரைக் குறைத்தது. மிச்சமான அந்த நேரத்தை ஓய்வுக்குத் தராமல், அன்றைக்கே சர்ச்சுவரை வண்டியை விரட்டப் பயன்படுத்திக்கொண்டீர்கள். லீவு கிடைக்காத நம் ஊர் அலுவலகக்காரர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று.

போன பயணத்தில் என் டென்ட்டில் படுத்திருந்த பெண்ணுக்கு நள்ளிரவில் தலை பிளந்தது, வாந்தி நிற்கவில்லை. ஏற்பாட்டாளர் தம்பி "வாயுக்கோளாறு அக்கா, இஞ்சி டீ குடிச்சா சரியாயிடும்" என்றார். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய் முற்றினால் முதல் வைத்தியம் கீழே இறங்குவது. சர்ச்சுவில் அதுதான் சிக்கல். பின்னால் போனால் ஏறத்தாழ 4,900 மீட்டரில் பாரலாச்சா லா, முன்னால் போனால் 5,000 மீட்டருக்கு மேல் லாச்சுலுங் லா. இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏறியாக வேண்டும், அதுவும் இருட்டில். கையடக்க ஆக்சிஜன் கேன் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதைக் காட்டி ‘முழு மருத்துவப் பாதுகாப்பு’ என்று நிரலில் எழுதாதீர்கள்.

அந்தச் சாலையின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70 வளைவு ஏறியவருக்குப் பெரிய விஷயமில்லை என்று சிலர் பீற்றிக்கொள்வார்கள் (உயரத்தை மறந்துவிட்டுத்தான்!). ஆனால் பாங் முகாமைத் தாண்டியதும் வருகிற மோரே சமவெளிக்கு நம் பக்கத்தில் ஈடே கிடையாது. 4,700 மீட்டர் உயரத்தில், மரம் ஒன்றுகூட இல்லாமல் கிடக்கும் தட்டையான நிலம். அதைத் தலைவலியோடு கடந்தவர்களுக்கு என்ன நினைவிருக்கும்?

என்னைக் கேட்டால் வழியைத் திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், அடுத்த இரவு கார்கில் 2,676, அதற்கடுத்து லே 3,500. லேயில் இரண்டு இரவு சும்மா இருந்துவிட்டு, மணாலி வழியாகத் திரும்புங்கள். அப்போது அதே சர்ச்சுவில் தூங்கினாலும் பழகிய உடம்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

காஷ்மீர் என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள், சரி, மணாலி வழியாகவே ஏறுங்கள். ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். கார் என்றால் விடியுமுன் கிளம்பி, சர்ச்சுவில் சாப்பிட்டுவிட்டு, அன்றே லே போய்ச் சேரப் பாருங்கள். பைக்கில் அது கஷ்டம். சர்ச்சுவில் தங்கித்தான் ஆகவேண்டும் என்றால், ஜிஸ்பாவிலிருந்து அது 1,000 மீட்டருக்கு மேல் என்று வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலை நோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று அவரவர் மருத்துவரிடம் கேட்டு வரட்டும். சல்பா வகை மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால், குழுவில் கைமாற்றிக் கொடுக்கிற மாத்திரை அல்ல அது.

இப்படிச் செய்தால் இரண்டு நாள் கூடும், செலவும் கூடும், சிலர் வேறு குழுவுக்குப் போய்விடுவார்கள். தெரியும். ஆனாலும் தங்கும் ஊருக்குப் பக்கத்தில் மீட்டர் கணக்கைப் போட உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. அந்தக் கணக்கு இருக்கிற நிரலுக்குத்தான் இந்த முறை முன்பணம் கட்டுவேன்.

அன்புடன்,
மயூர் விஹாரிலிருந்து உங்கள் பழைய பயணி ஒருத்தி